"குழந்தைங்கள வச்சு ஆராய்ச்சி பண்றாங்களா டாக்டர்?"

1/
கொஞ்சம் நீளமான த்ரெட். வீட்ல அஞ்சு வயசுக்குள்ள குழந்தை இருந்தா டீ போட்டு வச்சுட்டு உட்கார்ந்து படிங்க. இல்லைன்னாலும் படிங்க, பேரன் பேத்தி வரும்போது உதவும்.

2/
போன வாரம் சாயங்கால ஓபி. எட்டு மாசக் குழந்தை. ரெண்டு நாளா மூக்கு ஒழுகுது, இருமல், நெஞ்சுல கிர்ர்னு சத்தம். அம்மா தூக்கிட்டு வந்தாங்க, கூட பாட்டி. பாட்டி உட்காரும்போதே சொல்லிட்டாங்க: "தம்பி, புள்ளைக்கு நெஞ்செல்லாம் சளி கட்டிக்கிச்சு. அந்த மாஸ்க்கு வச்சு புகை விடுவாங்களே, அதை வச்சு விட்ருங்க."

3/
சட்டையைத் தூக்கி ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணினேன். 44. ஆக்சிஜன் அளவு 97. பால் குடிக்குது, என்னைப் பார்த்து சிரிக்குது. இது பிராங்கியோலைட்டிஸ். வைரஸ் கிருமியால நுரையீரலோட சின்னச் சின்னக் குழாய்கள் வீங்கிப்போறது. தானா சரியாகும்.

4/
"பாட்டி, இந்த வயசுல வர்ற இந்த இழுப்புக்கு அந்தப் புகை பிரயோஜனப்படாது. நிறைய ஆராய்ச்சி பண்ணிப் பார்த்துட்டாங்க"ன்னு சொன்னேன். பாட்டி முகம் வாடிப்போச்சு. அம்மா மட்டும் குழந்தையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு கேட்டாங்க: "ஆராய்ச்சியா? இத்துனூண்டு குழந்தைங்கள வச்சு ஆராய்ச்சி பண்றாங்களா டாக்டர்?"

5/
வெளியே இருபது பேர் காத்திருந்தாங்க. "ஆமாம்மா, பெத்தவங்க சம்மதத்தோட பண்ணுவாங்க"ன்னு ஒரே வரில முடிச்சுட்டேன். அந்தம்மா முகத்துல இருந்த பயம் போகவே இல்லை. அவங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்த த்ரெட்.

6/
முதல்ல என் கருத்தைச் சொல்லிடறேன், பிறகு காரணம். குழந்தைகளை வைத்து ஆராய்ச்சி செய்ய வேண்டும். கண்டிப்பாகச் செய்ய வேண்டும். ஏன்னா ஆராய்ச்சி நடக்கலைன்னா குழந்தை மேல பரிசோதனை நடக்காதுன்னு அர்த்தமில்லை. பரிசோதனை தினமும் நடக்கும், ஆனா கணக்கு எழுத ஆள் இருக்க மாட்டாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்.

7/
நம்பலையா? என் கதையையே சொல்றேன். டாக்டரா வேலை பார்க்க ஆரம்பிச்ச முதல் சில வருஷம், சளி பிடிச்சு இழுக்கிற ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் நெபுலைசர் வச்சேன். ஒரு மூணு நாளைக்கு ஸ்டீராய்டு சிரப்பும் எழுதுவேன். என் சீனியர் அப்படித்தான் எழுதினார். அவருடைய சீனியரும் அப்படித்தான்.

8/
குழந்தைங்க நாலஞ்சு நாள்ல சரியாயிடுவாங்க. "டாக்டர் கைராசி"ன்னு பேரு வந்துச்சு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

காக்கா உட்கார பனம்பழம் விழுந்த கதை தெரியும்ல? அதுதான் நடந்துச்சு. நான் மருந்து கொடுக்கலைன்னாலும் அதே நாலஞ்சு நாள்ல அந்தக் குழந்தைங்க சரியாயிருப்பாங்க.

9/
அது எனக்கு எப்படித் தெரிஞ்சது? யாரோ கணக்கு எழுதினதால. 2007ல் அமெரிக்காவில் 20 அவசர சிகிச்சைப் பிரிவுகளில், முதல் முறையாக பிராங்கியோலைட்டிஸ் வந்த 600 கைக்குழந்தைகள். பாதிப் பேருக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. மீதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள, மருந்தில்லாத திரவம். யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது.

10/
முடிவு? ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தவர்கள்: ஸ்டீராய்டு கொடுத்தவங்கள்ல 39.7 சதவீதம். கொடுக்காதவங்கள்ல 41 சதவீதம். அதாவது ரெண்டும் ஒண்ணுதான்.

11/
2009ல் இங்கிலாந்தில் இன்னொன்று. வைரஸ் காய்ச்சலோட வீசிங் வந்து ஆஸ்பத்திரிக்கு வந்த, 10 மாதம் முதல் 5 வயது வரையிலான 687 குழந்தைகள். அஞ்சு நாள் ஸ்டீராய்டு கொடுத்தவங்களும் கொடுக்காதவங்களும் வீட்டுக்குப் போன நேரத்துல பெரிய வித்தியாசமே இல்லை.

12/
அதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலைங்க. அதுவரைக்கும் எத்தனை குழந்தைக்குக் கசப்பான ஸ்டீராய்டை வாயைப் பிடிச்சு ஊத்தச் சொல்லியிருப்பேன்? எத்தனை பேர் வாந்தி எடுத்திருப்பாங்க? அந்தப் பெற்றோர் ஒருத்தர்கிட்டயாவது "இது வேலை செய்யுமான்னு எனக்குத் தெரியாது, கொடுத்துப் பார்க்கலாமா?"ன்னு கேட்டேனா? கேட்கல.

சம்மதம் வாங்காத, பதிவு செய்யாத, கண்காணிக்க ஆள் இல்லாத ஆராய்ச்சி. நான்தான் நடத்தினேன், வருஷக்கணக்கா.

13/
உடனே "ஸ்டீராய்டு வேண்டாம்"னு எடுத்துக்காதீங்க. குழந்தை நாய் குரைக்கிற மாதிரி இருமுறது பார்த்திருக்கீங்களா? அதுக்கு குரூப்னு பேரு. 2004ல் கனடாவில் லேசான குரூப் வந்த 720 குழந்தைகளுக்கு ஒரே ஒரு வேளை டெக்ஸாமெத்தசோன் கொடுத்துப் பார்த்தாங்க. மருந்து கொடுக்காதவங்கள்ல 15.3 சதவீதம் பேர் திரும்ப டாக்டரிடம் ஓடி வர வேண்டியிருந்தது. கொடுத்தவங்கள்ல 7.3 சதவீதம்தான்.

14/
அதே மருந்து. ஒரு நோய்க்குப் பயனில்லை, இன்னொரு நோய்க்கு ஒரே வேளையில் பாதிக்குப் பாதி குறைக்குது. கடுமையான ஆஸ்துமாவுல உயிரையே காப்பாத்தும். இதை மூளையை வச்சு யோசிச்சுக் கண்டுபிடிக்க முடியாது. அனுபவத்தை வச்சும் முடியாது. நான் அனுபவத்தை வச்சுத்தான் தப்புப் பண்ணேன்.

15/
சரி, கொஞ்சம் பின்னாடி போவோம். மேல மூச்சை எண்ணினேன்னு சொன்னேன்ல? "ஸ்டெதஸ்கோப் கழுத்துல தொங்குது, இவர் என்ன வாட்சைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கார்"னு சில பேர் நினைப்பாங்க. அந்த ஒரு நிமிஷத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு.

16/
2019ல் மட்டும் உலகத்துல 5 வயசுக்குள்ள சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவால் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். முன்னாடி இன்னும் பல மடங்கு அதிகம். பெரும்பாலும் எக்ஸ்ரே இல்லாத, டாக்டரே இல்லாத ஊர்கள். இருமுற நூறு குழந்தைல நிமோனியா யாருக்குன்னு அங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது?

17/
பப்புவா நியூகினியாவின் மலைப்பகுதியில் கொரோகான்னு ஒரு ஊர். அங்க வேலை பார்த்த ஃபிராங்க் ஷான் என்ற குழந்தை மருத்துவரும் கூட இருந்தவங்களும் இருமலோட வந்த குழந்தைகளை வரிசையா கவனிச்சாங்க. 1984ல் முடிவு வெளியாச்சு. மூச்சு வேகமா இருந்தா நிமோனியாவா இருக்க வாய்ப்பு அதிகம், மூச்சிழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழி விழுந்தா ஆஸ்பத்திரி. எந்தக் கருவியும் வேண்டாம், கண்ணும் கடிகாரமும் போதும்.

18/
அடுத்த கட்டம் நம்ம ஊர்ல நடந்துச்சு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில். 1988ல் அவங்க வெளியிட்ட ஆய்வு சொன்னது: ஒரு வயசுக்குள்ள நிமிஷத்துக்கு 50க்கு மேல, அதுக்கு மேற்பட்ட சின்னக் குழந்தைக்கு 40க்கு மேல மூச்சு ஓடினா கவனிக்கணும். இன்னைக்கு உலகம் முழுக்க கிராம சுகாதாரப் பணியாளர்கள் பயன்படுத்துற கணக்கு அதுதான். இதை நம்ம ஆட்கள் பலருக்கே தெரியாது. வேலூர்ல அன்னைக்குக் குழந்தையைக் காட்டிக் கொடுத்த அம்மாக்களுக்கும் தெரிஞ்சிருக்காது.

19/
அப்புறம் மகாராஷ்டிரா, கட்சிரோலி. காடும் கிராமமுமான மாவட்டம். அபய் பங், ராணி பங் தம்பதி. கிராமத்து சுகாதாரப் பணியாளர்களுக்கும் எழுதப் படிக்கத் தெரியாத மருத்துவச்சிகளுக்கும் மூச்சை எண்ணக் கத்துக்கொடுத்தாங்க. எண்ணத் தெரியாதவங்களுக்காக மணிகளும் ஒரு நிமிஷ மணல் கடிகாரமும் வச்சு ஒரு சின்னக் கருவியே செஞ்சாங்க. நிமோனியான்னு தெரிஞ்சா அவங்களே ஆன்டிபயாட்டிக் கொடுக்கலாம்.

20/
"டாக்டரே இல்லாம மருந்து கொடுக்கறதா?"ன்னு கேள்வி வந்துச்சு. நியாயமான கேள்விதான். அதனாலதான் கணக்கு எழுதினாங்க. பக்கத்துல இந்தத் திட்டம் இல்லாத கிராமங்களோட ஒப்பிட்டாங்க. நிமோனியா இறப்பு: திட்டம் இருந்த கிராமங்களில் ஆயிரம் குழந்தைக்கு 8.1. இல்லாத கிராமங்களில் 17.5. 1990ல் லான்செட் இதழில் வெளியானது.

21/
17.5ங்கிற அந்த எண்ணைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அது ஒப்பிடப்பட்ட கிராமங்களோட குழந்தைகள். அவங்களுக்கு யாரும் கெடுதல் பண்ணலை. வழக்கமா நடக்கிறதுதான் அங்க நடந்துச்சு. ஆனா அந்த "வழக்கமா நடக்கிறது" எவ்வளவு கொடூரம்னு எண்ணிப் பார்க்கிற வரைக்கும் யாருக்கும் தெரியலை.

22/
இதை வீட்லயே பண்ணலாம். குழந்தை அழாம, அமைதியா இருக்கும்போது சட்டையைத் தூக்குங்க. தூங்கும்போது இன்னும் நல்லது. வயிறு ஒரு தடவை மேல வந்து கீழ போனா ஒண்ணு. முழுசா 60 நொடி எண்ணுங்க. 15 நொடி எண்ணி நாலால பெருக்காதீங்க, குழந்தைங்க மூச்சு ஒரே சீரா இருக்காது.

23/
2 மாசத்துக்குள்ள: 60 அல்லது அதுக்கு மேல.
2 மாசம் முதல் 1 வயசு வரை: 50 அல்லது அதுக்கு மேல.
1 முதல் 5 வயசு: 40 அல்லது அதுக்கு மேல.
இப்படி இருந்தா டாக்டரைப் பாருங்க. காய்ச்சல் இருந்தாலும் மூச்சு கொஞ்சம் வேகமாகும். காய்ச்சல் குறைஞ்சதும் ஒருதரம் திரும்ப எண்ணுங்க. அதுக்காகக் காத்துக்கிட்டே இருக்காதீங்க.

24/
எண்ணவே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி கிளம்பணும்ங்கிற நிலைமைகள்: மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழ குழி விழுது. பால் குடிக்க முடியலை. எல்லாத்தையும் வாந்தி எடுக்குது. உதடு நீலமாகுது. எழுப்பினா முழிக்கலை. வலிப்பு. மூச்சு விடும்போது முனகுது. ராத்திரி ரெண்டு மணியானாலும் கிளம்புங்க.

25/
அடுத்து ஆன்டிபயாட்டிக். "எத்தனை நாள் டாக்டர்?" நான் படிச்ச காலத்துல அஞ்சு, ஏழு, பத்து நாள்னு ஆளுக்கொரு கணக்கு. ஏன் ஏழு? வாரத்துக்கு ஏழு நாள் இருக்கிறதைத் தவிர வேற காரணம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

26/
இந்தியாவிலேயே பார்த்தாங்க. கடுமையில்லாத நிமோனியா வந்த 2188 குழந்தைகள். பாதிப் பேருக்கு அமாக்ஸிசிலின் 3 நாள். மீதிப் பேருக்கு 5 நாள். குணமானவர்கள்: 3 நாளில் 89.5 சதவீதம், 5 நாளில் 89.9 சதவீதம். 2004ல் வெளிவந்தது. பாகிஸ்தானிலும் அதே மாதிரி முடிவுதான் வந்தது. 2021ல் இங்கிலாந்து, அயர்லாந்தில் 814 குழந்தைகளிடம் 3 நாளையும் 7 நாளையும் ஒப்பிட்டப்பவும் 3 நாள் சளைக்கலை.

27/
தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு நீங்களா மருந்தை நிறுத்தாதீங்க. இது லேசான நிமோனியாவுக்கான கணக்கு. உங்க குழந்தைக்கு எத்தனை நாள்னு உங்க டாக்டர்தான் சொல்லணும். நான் சொல்ல வர்றது வேற. நம்ம நாட்டு 2188 பெற்றோர் "சரி"ன்னு சொன்னதால கோடிக்கணக்கான குழந்தைகளுக்குத் தேவையில்லாத மருந்து மிச்சமாகியிருக்கணும்.

28/
"இருக்கணும்"னு ஏன் சொல்றேன்? ஏன்னா மிச்சமாகலை. இருபது வருஷம் தாண்டிடுச்சு. இன்னைக்கும் வெறும் சளிக்கு ஏழு நாள் ஆன்டிபயாட்டிக், கூட ரெண்டு சிரப்புன்னு சீட்டு எழுதிக் கொடுக்கிறோம். கொடுக்கலைன்னா "அந்த டாக்டர் ஒண்ணுமே எழுதலை"ன்னு பேஷண்ட் வேற இடம் போயிடறாங்க. தப்பு ரெண்டு பக்கமும் இருக்கு, எங்க பக்கம்தான் அதிகம்.

29/
அப்ப ஆன்டிபயாட்டிக்கே வேண்டாமா? இதையும் பார்த்துட்டாங்க. மலாவியில், மூச்சு வேகம் மட்டும் இருக்கிற லேசான நிமோனியாவுக்கு ஒரு பாதிக்கு அமாக்ஸிசிலின், மறு பாதிக்கு மருந்தில்லாத மாத்திரை. கூடவே கண்காணிப்பு. சிகிச்சை தோற்றவர்கள்: மருந்தோட 4 சதவீதம், மருந்தில்லாம 7 சதவீதம். அதாவது ஆன்டிபயாட்டிக்கால பலன் இருக்கு. பெரும்பாலானவங்களுக்கு அது இல்லாமலேயும் சரியாகுது. ரெண்டும் உண்மை.

30/
இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன். ஷாம்பு பாட்டில் கதை. உங்க வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும். வங்கதேச டாக்டர் ஒருத்தர் ஷாம்பு பாட்டிலை வச்சு குழந்தைங்க உயிரைக் காப்பாத்தினார்னு. உண்மைதான், வதந்தி இல்லை. ஆனா வாட்ஸ்அப்ல பாதிக் கதைதான் வரும்.

31/
டாக்டர் முகமது ஜோபாயர் சிஸ்தி. 1996ல் சில்ஹெட்டில் பயிற்சி மருத்துவரா இருந்த முதல் ராத்திரியே மூணு குழந்தைங்க நிமோனியால கண்ணு முன்னாடி இறந்துபோனாங்க. இதுக்கு ஏதாவது செய்யணும்னு அன்னைக்கு முடிவு பண்ணார். பிறகு ஆஸ்திரேலியாவில் ஒரு கருவியைப் பார்த்தார். குழந்தை வெளிவிடும் மூச்சை தண்ணீருக்குள்ள குமிழ் குமிழா விட வைக்கிறது. அந்த அழுத்தம் நுரையீரல் சுருங்கிப் போகாமப் பிடிச்சு வைக்கும். பபுள் சிபாப்னு பேரு. விலை அதிகம்.

32/
டாக்காவில் தூக்கிப்போட்ட ஷாம்பு பாட்டில்ல தண்ணி ஊத்தி, குழாயை விட்டு அதே மாதிரி செஞ்சார். அதோட நிக்கலை. "வேலை செய்யுது, எல்லாரும் பண்ணுங்க"ன்னு சொல்லலை. 225 குழந்தைகளை மூணு பிரிவாப் பிரிச்சு ஒப்பிட்டார். வழக்கமான குறைந்த ஓட்ட ஆக்சிஜன்ல இறப்பு 15 சதவீதம். பபுள் சிபாப்ல 4 சதவீதம். வித்தியாசம் தெரிஞ்சதும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க, இனியும் ஒரு குழந்தையைக் குறைந்த ஓட்டத்தில் விடக்கூடாதுன்னு. 2015ல் லான்செட்டில் வந்தது.

33/
கதை இங்க முடிஞ்சா நல்லாருக்கும். வாட்ஸ்அப்ல இங்கதான் முடியும்.

ஆனா மலாவியில் ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில், தினமும் டாக்டர் மேற்பார்வை இல்லாத இடத்தில், பபுள் சிபாப்பை சோதிச்சாங்க. கடும் நிமோனியாவோட வேற ஆபத்துகளும் இருந்த 644 குழந்தைகள். சாதாரண ஆக்சிஜன்ல இறந்தவர்கள் 11 சதவீதம். பபுள் சிபாப்ல 17 சதவீதம்.

34/
திரும்பப் படிங்க. டாக்காவில் உயிரைக் காப்பாத்தின அதே முறை, மலாவியில் அதிகக் குழந்தைகள் இறக்கிற பக்கமாப் போயிடுச்சு. டாக்காவில் ஐசியு மாதிரி கவனிப்பு, பயிற்சி பெற்ற நர்ஸ், டாக்டர்கள். மலாவியில் அது இல்லை. கருவி மட்டும் போனா போதாது, கூட ஆளும் போகணும்.

35/
மலாவியில் இந்த ஆய்வு நடக்கலைன்னு வச்சுக்கோங்க. என்ன ஆகியிருக்கும்? டாக்கா கதையைக் கேட்டு நல்ல மனசுக்காரங்க நிதி திரட்டி, டாக்டர் இல்லாத நூறு ஆஸ்பத்திரிக்கு அந்தக் கருவியை அனுப்பியிருப்பாங்க. ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்திருப்பாங்க. கூடுதலா குழந்தைங்க இறந்திருப்பாங்க. "பாவம், நிமோனியா ரொம்ப முத்திடுச்சு"ன்னு சொல்லியிருப்போம். யாருக்கும் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது.

அந்தம்மா கேட்ட கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் என்கிட்ட இல்லை.

36/
இப்ப எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்லணும். மறைச்சா நான் நேர்மையா இருக்க மாட்டேன். ஆராய்ச்சிங்கிற பேர்ல அநியாயம் நடந்திருக்கு. 1996ல் நைஜீரியாவின் கானோவில் மூளைக்காய்ச்சல் பரவினப்ப ஒரு பெரிய மருந்து நிறுவனம் புது மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதிச்சது. சம்மதம் ஒழுங்கா வாங்கலைன்னு குற்றச்சாட்டு. வழக்கு வருஷக்கணக்கா நடந்து, நஷ்டஈட்டில் முடிஞ்சது. ஏழை வீட்டுக் குழந்தைன்னா கேட்க ஆள் இல்லைங்கிற திமிர் அது.

37/
அதனால பயப்படுறதை நான் தப்புன்னு சொல்லமாட்டேன். பயத்தைக் கேள்வியா மாத்துங்கன்னுதான் சொல்றேன். இந்தியாவில் இன்னைக்கு ஒரு மருத்துவ ஆய்வு நடக்கணும்னா நெறிமுறைக் குழு அனுமதி வேணும். மருந்துச் சோதனைகளை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே பொதுப் பதிவேட்டில் பதியணும். பெற்றோர் எழுத்து மூலம் சம்மதிக்கணும். 7 வயசுக்கு மேல இருந்தா குழந்தைகிட்டயும் அதுக்குப் புரியற மாதிரி சொல்லி ஒப்புதல் கேட்கணும். மருந்துச் சோதனையால் பாதிப்பு வந்தா இழப்பீடு உண்டு, 2019 விதிகளில் இருக்கு.

38/
யாராவது உங்க குழந்தையை ஆய்வுல சேர்க்கலாமான்னு கேட்டா நீங்க கேட்க வேண்டியவை:
இதுல என் குழந்தைக்கு இப்ப கிடைக்க வேண்டிய சிகிச்சை ஏதாவது கிடைக்காமப் போகுமா?
உடம்பு மோசமானா யார் பார்ப்பாங்க, ராத்திரி எந்த நம்பருக்குக் கூப்பிடணும்?
இடையில விலகலாமா? விலகினா வழக்கமான வைத்தியம் அப்படியே தொடருமா?
நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதம் எங்கே?
பதில் சொல்லத் தயங்கினா கையெழுத்துப் போடாதீங்க. பொறுமையா உட்கார்ந்து பதில் சொன்னா, யோசிங்க. வேண்டாம்னு சொல்றதும் உங்க உரிமை. அதுக்காக ஒருத்தரும் உங்களை முறைக்கக் கூடாது.

39/
டாக்டர்கிட்டயும் ஒரு கேள்வி கேளுங்க. "இதைக் கொடுக்கலைன்னா என்ன ஆகும் டாக்டர்?" அவ்வளவுதான். மரியாதையாக் கேளுங்க. நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். என்கிட்ட அந்தக் காலத்துல யாராவது கேட்டிருந்தா நான் முன்னாடியே முழிச்சிருப்பேன்.

40/
இன்னொரு விஷயம், இதைச் சொல்லாம முடிக்க மனசு வரலை. கொஞ்சம் பெரிய பிள்ளைங்க, நிஜமான ஆஸ்துமா. "பம்ப் வேண்டாம் டாக்டர், பழகிடும். நெபுலைசரே வைங்க"ம்பாங்க. ஸ்பேஸரோட பம்ப் கொடுத்தா பெரும்பாலான பிள்ளைங்களுக்கு நெபுலைசருக்கு எந்த விதத்திலும் குறைஞ்சதில்லை. கேப் டவுனில் ஹெதர் ஸார் குழு 1999ல் இன்னும் ஒருபடி மேல போனாங்க. 500 மில்லி குளிர்பான பாட்டில் அடியில ஓட்டை போட்டு, பம்ப் வாயை அதுல பொருத்தி, இடுக்கை அடைச்சு, விலைக்கு வாங்கற ஸ்பேஸரோட ஒப்பிட்டாங்க. ரெண்டும் ஒரே மாதிரி வேலை செஞ்சது.

41/
அதே ஆய்வுல பாலிஸ்டிரீன் கப்பையும் சோதிச்சாங்க. அது சரிப்பட்டு வரலை. பாட்டில் ஓகே, கப் வேண்டாம். பார்க்க ரெண்டுமே குப்பைத்தொட்டி சமாச்சாரம்தான். எது வேலை செய்யும்னு பிள்ளைங்க மூச்சுதான் சொல்லணும், அதைக் கேட்டுப் பார்த்தாங்க.

42/
2025ல் நம்ம காஞ்சிபுரம் பக்கம் தயாரான ஒரு இருமல் சிரப்பைக் குடிச்சு மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது ஞாபகம் இருக்கா? சிரப்பில் நச்சு கலந்திருந்தது, அது தயாரிப்புக் குற்றம். ஆனா அதுல இன்னொரு வேதனையும் இருக்கு. சின்னக் குழந்தைகளோட சாதாரண சளி இருமலுக்கு இந்த மாதிரி சிரப்பால் பலன் இருக்குன்னு நல்ல ஆதாரமே கிடையாது. தேவையே இல்லாத ஒண்ணைக் குடிச்சு அந்தக் குழந்தைங்க போயிட்டாங்க. ஆராய்ச்சி சொன்னதை நாம காதுல வாங்காததோட விலை இது.

43/
போன வாரம் பார்த்த அந்தக் குழந்தைக்கு நான் எழுதினது: மூக்குக்கு உப்புத்தண்ணி சொட்டு, காய்ச்சல் வந்தா பாராசிட்டமால், கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி தாய்ப்பால். நான் மேல சொன்ன அபாய அறிகுறிகளை ஒரு தாள்ல எழுதிக் கொடுத்து, "நாளைக்குக் காட்டுங்க"ன்னு அனுப்பினேன். பாட்டிக்கு மூச்சு எண்ணக் கத்துக்கொடுத்தேன்.

44/
மறுநாள் வந்தாங்க. இருமல் குறையலை, பொதுவா மூணாவது நாலாவது நாள்தான் இது உச்சத்துக்குப் போகும், அதையும் முன்னாடியே சொல்லியிருந்தேன். பாட்டி உள்ள வரும்போதே, "தம்பி, ராத்திரி மூணு தடவை எண்ணுனேன். 46, 42, 45. அம்பதைத் தாண்டலை. குழியும் விழலை. அதான் காலைல வந்தோம்"னாங்க.

45/
கொரோகாவிலும் வேலூரிலும் கட்சிரோலியிலும் பெயர் தெரியாத அம்மாக்கள் குழந்தையைக் காட்டிக் கொடுத்தாங்க. அதுலேர்ந்து கிடைச்ச ஒரு எண்ணை வச்சுக்கிட்டு, நாப்பது வருஷம் கழிச்சு ஒரு பாட்டி நடு ராத்திரியில பதறாம இருந்திருக்காங்க.

ஆமாம்மா. குழந்தைங்கள வச்சு ஆராய்ச்சி பண்றாங்க. உங்க குழந்தை அதோட பலன்ல தான் மூச்சு விடுது.

46/
23, 24ஆவது பதிவை மட்டுமாவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. வீட்டுப் பெரியவங்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க, ஓபி முடிஞ்சதும் பதில் போடறேன். உங்க குழந்தைக்கு இப்ப உடம்பு சரியில்லைன்னா என்கிட்ட இங்க கேட்டுக்கிட்டு இருக்காம, பக்கத்துல இருக்கிற டாக்டரை நேர்ல பாருங்க.